கறையில் உருக்கும் கறுப்புக் கதவும்

பெயரிலேயே ஒரு வாக்குறுதியைச் சுமந்துகொண்டு எமது அடுக்களைக்குள் நுழைந்த உலோகம் ஒன்று உண்டு. எம்முடைய பாடநூல்கள் அதனைக் 'கறையில் உருக்கு' என்கின்றன. கடைத்தெருவிலே அதற்குப் பெயர் 'எவர்சில்வர்'. என்றும் வெள்ளியாகவே இருப்பது என்பது பொருள். இவ்விரு பெயர்களையும் நம்பி வாங்கியவர், அதற்கும் ஒரு பராமரிப்பு வேண்டும் என்று எங்ஙனம் எண்ணுவார்? ஆயினும், வாங்கி ஒரு மாதம் செல்லுமுன்னரே குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே வீட்டிலுள்ளோர் அனைவரது விரலடையாளமும் பதிந்துவிடுகின்றது. பாத்திரம் கழுவும் தொட்டியிலே வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. பால் காய்ச்சிய சட்டியின் அடியிலே நீலமும் பொன்னுமாய் ஒரு வானவில் படிகின்றது. வீட்டுக்கு வருவோர் இவற்றைப் பார்க்கின்றனர். பார்த்தவர் உலோகத்தைக் குறை கூறுவதில்லை. அந்த வீட்டுப் பெண்ணையே குறை கூறுகின்றனர்.

இதனை எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம். சட்டி பானை துலக்கும் சங்கதிக்கு இலக்கியப் பகுதியிலே என்ன இடம் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நாள்தோறும் மூன்று வேளையும் கோடிக்கணக்கான கைகள் செய்யும் ஒரு தொழிலை ஒதுக்கிவிட்டு, வாழ்க்கையைப் பற்றி எழுதுகின்றோம் என்று நாம் சொல்லிக்கொள்வது பொருந்துமா என்பதே அவர்களுக்கு என் விடை.

பித்தளையும் செம்பும் எம் வீடுகளிலே கோலோச்சிய காலத்தில் துலக்குதல் ஒரு கலையாகவே இருந்தது. தைப்பொங்கலுக்கு முந்திய நாள் கிணற்றடியிலே குத்துவிளக்கும் செம்பும் மூக்குப்பேணியும் தாம்பாளமும் குவிந்து கிடக்கும். பழப்புளியும் சாம்பலும் பொச்சுமட்டையுமே கருவிகள். புளியிலுள்ள அமிலம் செம்பின்மேற் படிந்த ஒட்சைட்டைக் கரைக்கும். சாம்பல் எஞ்சியதைச் சுரண்டும். உரஞ்ச உரஞ்சப் புதிய உலோகம் வெளிப்பட்டு மினுங்கும். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு பொங்கலுக்கும் பாத்திரத்தின் தோலிலே ஒரு படை உரிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உரஞ்சிய செம்பின் விளிம்பு தேய்ந்து மெலிந்திருப்பதை இன்றும் பழைய வீடுகளிற் காணலாம். எனவே எம்மவர் கை கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: அழுத்தி உரஞ்சினால் மினுங்கும்.

அந்தக் கை கடல் கடந்தும் சென்றது. என் பெரியம்மா ஒருவர், மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவவென்று கனடாவுக்குச் சென்று, ரொறன்ரோவிலுள்ள மகன் வீட்டிலே சில மாதங்கள் தங்கியிருந்தார். அவ்வீட்டுக் குசினியிலே குளிர்சாதனப் பெட்டி, போறணை, பாத்திரம் கழுவும் இயந்திரம் யாவும் கறுப்பு நிற உருக்கினால் ஆனவை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு உறவினர் வருவார்களென்று, முதல்நாள் இரவு எல்லோரும் உறங்கிய பின்னர் பெரியம்மா அக்கதவுகளைத் துலக்கத் தொடங்கினார். அப்பச்சோடாவும் தேசிக்காய்ச் சாறும் கரட்டுத் தேய்ப்பானும் கொண்டு ஒரு மணி நேரம் உரஞ்சினார். விடிந்து வெளிச்சம் விழுந்தபோது, கறுப்புக் கதவு முழுவதும் பிறைபிறையாய் வெண்கீறல்கள் தெரிந்தன.

ஊருக்குத் திரும்பிய பின்னர் அவர் என்னிடம் கூறினார்: "தம்பி, ஊத்தை போகட்டும் எண்டுதானே உரஞ்சினனான். அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குச் சுட்டது."

"மாற்றி வாங்க ஏலாதோ பெரியம்மா?" என்றேன்.

"காசுக்கு வாங்கலாம். நான் செய்த வேலையை என்னெண்டு மாத்துறது?" என்றார்.

பெரியம்மாவின் உழைப்பிலே பழுதில்லை, அன்பிலும் பழுதில்லை. அவர் கற்ற கலை வேறோர் உலோகத்துக்கு உரியது என்பதே உண்மை. ஆகவே இந்த உருக்கின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் கத்திகளுக்குப் பெயர்போனது. அங்கே ஹரி பிரியர்லி என்னும் உலோக ஆய்வாளர், துப்பாக்கிக் குழல்கள் உட்புறத்தே விரைவாக அரிக்கப்படுவதைத் தடுக்கும் வழி தேடி, இரும்புடன் குரோமியத்தைப் பல அளவுகளிற் கலந்து சோதித்தார். 1913ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு குரோமியம் கலந்து அவர் வார்த்த உருக்கு, அமிலங்களுக்கும் எளிதில் அசையவில்லை. போர்க்கருவிக்காகத் தேடிய பொருளின் பயன் உணவுமேசையிலே இருப்பதை அவர் கண்டுகொண்டார். அதே காலப்பகுதியில் ஜேர்மனியின் குறுப் தொழிற்சாலையைச் சேர்ந்தோர், குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்து வேறொரு வகையை உருவாக்கினர். இன்று எம் வீட்டுப் பாத்திரங்கள் சிலவற்றின் அடியிலே '18/8' என்று பொறித்திருப்பதைக் காணலாம். நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்பதே அதன் கருத்து.

இவ்வுருக்கைத் துருவினின்று காப்பது குரோமியம். அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகின்றது. அத்தோலின் பருமன் ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் கூறுகளுள் ஒரு சிலவே. கண்ணுக்குப் புலப்படாத அத்தோல் கீறுண்டால், காற்றுப்பட்டவுடன் தானே மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்கின்றது. பித்தளை தோலை உரித்தால் மினுங்குவது. உருக்கோ தோல் இருப்பதனாலேயே மினுங்குவது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யலாமா?

அத்தோலுக்குப் பகைவர் மூவர். முதலாமவர் உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு அத்தோலைத் துளைத்து, ஊசிமுனை போன்ற சிறு குழிகளை உண்டாக்கும். பச்சைத் தண்ணீரிலே உப்பைக் கொட்டி அடுப்பில் ஏற்றினால், கரையாத உப்பு அடியிலே தங்கிக் குழி தோண்டும். நீர் கொதித்த பின் உப்பிட்டுக் கலக்கினால் அத்தீங்கு இல்லை. புளிக்குழம்பையும் ஊறுகாயையும் நாட்கணக்கில் இப்பாத்திரங்களில் வைத்திருப்பதும் நன்றன்று. இரண்டாமவர் குளோரீன் கலந்த வெளிற்றும் தூளும் திரவமும். கிணற்றுக்கு இடுவது வேறு. உருக்குத் தொட்டியிலே ஊறவைப்பது வேறு. மூன்றாமவர் இரும்புக் கம்பிச் சுருள். அது கீறுவதோடு நில்லாது, தன் துகள்களையும் அங்கே விட்டுச் செல்லும். மறுநாள் துருப்பிடிப்பது அத்துகள்களே; பழி மட்டும் பாத்திரத்துக்கு.

இனி யாழ்ப்பாணத்து நீரைப் பற்றி ஒரு சொல். எமது குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. அப்பாறையினூடு ஊறி வரும் கிணற்று நீரிலே சுண்ணம் கரைந்திருக்கின்றது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்திலே துளி உலர்ந்ததும் நீர் போய்விட, சுண்ணம் மட்டும் வெண்புள்ளியாய் எஞ்சுகின்றது. இஃது ஊத்தையுமன்று, உருக்கின் பழுதுமன்று. கழுவியவுடன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டாற் புள்ளி விழ வழியில்லை. விழுந்துவிட்டால், நீர் கலந்த வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தடவிச் சில நிமிடங்களின் பின் கழுவினாற் கரைந்து போகும். அதிக வெப்பத்தினால் அந்தத் தோல் சற்றே தடித்துப்போவதே சட்டியின் அடியிற் தோன்றும் வானவில். அதற்கும் இதே மருந்துதான். அடிப்பிடித்த சட்டிக்கு உரஞ்சல் வேண்டியதில்லை. நீரும் சிறிது அப்பச்சோடாவும் இட்டு மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டாற் கருகியது இளகும். 2022ஆம் ஆண்டிலே சமையல் எரிவாயு கிடைக்காமற் பல வீடுகள் விறகுக்குத் திரும்பியபோது, சட்டிகளிற் கரி ஏறியது நினைவிருக்கும். அடுப்பில் ஏற்றுமுன் வெளிப்புறத்திலே சவர்க்காரத்தைப் பூசிவிட்டால், கரி அந்தப் பூச்சோடு சேர்ந்து கழன்றுவிடும்.

குளிர்சாதனப் பெட்டி, போறணை முதலியவற்றின் உருக்குக் கதவுகளை உற்றுநோக்கினால், மரத்தின் வரி போல மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவதைக் காணலாம். துடைப்பது எப்போதும் அந்தக் கோடுகளின் வழியே இருத்தல் வேண்டும். குறுக்கே போனாற் கீறல் தெரியும். விரலடையாளம் என்பது தோலின் எண்ணெய்ப் பசையே. வெந்நீரிலே பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டு, மென்துணியை அதில் தோய்த்துப் பிழிந்து துடைத்து, வேறொரு துணியாற் சவர்க்காரம் போகத் துடைத்து, மூன்றாவது உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தாற் போதும். கடைகளில் விற்கும் விலையுயர்ந்த மினுக்கிகள் பலவும் எண்ணெயின் ஒரு மெல்லிய படையை விட்டுச் செல்வன. அப்படை சில நாள் அழகு காட்டும். பின்னர் தூசியை அழைத்து விருந்து வைக்கும்.

இனிக் கறுப்பு. கடையிலே 'கறுப்பு' என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவன மூன்று வேறு பொருள்கள். ஒன்று கறுப்புக் கண்ணாடி. காஸ் அடுப்பின் மேற்றட்டும் போறணைக் கதவும் பெரும்பாலும் இதனால் ஆனவை. கண்ணாடிக்கு அமிலத்தால் அச்சமில்லை. நீர் கலந்த வினாகிரியால் துடைக்கலாம். ஆனால் மணலும் தூளும் கீறும்; சூடாயிருக்கும்போது குளிர்ந்த ஈரத்துணி பட்டால் வெடிக்கவும் கூடும். இரண்டாவது எனாமலும் வர்ணமும் பூசிய தகடு. இதற்குச் சவர்க்கார நீரும் பொறுமையுமே மருந்து. மூன்றாவதே பெரியம்மாவை ஏமாற்றிய கறுப்பு உருக்கு. அதன் கறுப்பு பெரும்பாலும் உருக்கின்மேல் ஏற்றிய ஒரு மெல்லிய பூச்சு மாத்திரமே. பூச்சு கீறுண்டால் அடியிலுள்ள வெள்ளை உலோகம் சிரிக்கும். உருக்கின் தோலைப் போல இப்பூச்சு தானாக வளராது. ஆதலால் அமிலமும் சோடாவும் கரட்டுத் தேய்ப்பானும் இதனிடம் நெருங்கலாகாது. மென்துணியும் இளஞ்சூட்டு நீரும் ஒரு துளிச் சவர்க்காரமும் போதும்.

கறுப்புக் கதவிலே அழுக்கு அதிகம் சேர்வதாகப் பலர் முறையிடுகின்றனர். வெள்ளைக் கதவிற் சேர்வதைவிட ஒரு துகளும் அதிகமில்லை. இருண்ட தளத்திலே தூசியின் மேற்பட்ட ஒளி சிதறிக் கண்ணுக்கு எட்டுகின்றது, அவ்வளவே. கறுப்பு அழுக்கை உண்டாக்குவதில்லை. இருப்பதை மறைக்காமற் சொல்கின்றது.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திக் கூறல் வேண்டும். வினாகிரியையோ தேசிக்காயையோ குளோரீன் கலந்த எந்தப் பொருளோடும் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் எழுவது குளோரீன் வாயு. 1915ஆம் ஆண்டிலே முதலாம் உலகப் போர்க்களத்தில் நச்சுவாயுவாக ஏவப்பட்டதும் அதுவேயாகும். கதவடைத்த சிறு குசினியிலே ஒரு தொட்டியின் மினுக்கத்துக்காக ஒருவர் மூச்சை இழக்கலாகாது. மின்கருவிகளைத் துடைக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றுவதும், அடுப்பை ஆறவிடுவதும் அவ்வாறே மறவாது செய்ய வேண்டியவை.

இவ்வளவும் கூறிய பின்னரும் ஒரு வினா எஞ்சுகின்றது. இந்த மினுக்கம் யாருக்காக? விளம்பரப் படங்களிலே வரும் குசினியில் ஆட்கள் இல்லை, சமையலும் இல்லை, ஆகவே கறையும் இல்லை. அந்த ஆளில்லாக் குசினியை அளவுகோலாக வைத்து, ஆறு பேர் உண்ணும் வீட்டுப் பெண்ணை அளப்பது நீதியாகாது. உணவு படும் உட்புறம் தூய்மையாயிருத்தல் உடல்நலத்துக்கு இன்றியமையாதது. அதிலே சமரசம் வேண்டாம். வெளிக்கதவிலே பதிந்த பிள்ளையின் விரலடையாளமோ யாருக்கும் நோய் தருவதன்று. அது பிறர் கண்ணுக்காக மட்டும் துடைக்கப்படுவது. அங்ஙனமாயின், துடைக்கும் கடனும் ஒருவருக்கு மட்டும் உரியதாகாது. கதவைத் திறப்பவர் எவரோ அவர் கைக்கு எட்டும் தூரத்திலே ஓர் உலர்ந்த துணி தொங்கட்டும். ஆண் என்றும் பெண் என்றும், வீட்டுக்காரர் என்றும் கூலிக்கு வேலை செய்ய வந்தவர் என்றும் அந்தத் துணி பேதம் பாராது.

பெரியம்மாவிடம் இவற்றையெல்லாம் விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப, உரஞ்சிறதிலும் பார்க்கத் துடைக்கிறதுதான் கெட்டித்தனம் எண்டு சொல்லு," என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியிருக்க இயலாது. அழுத்திச் செய்யும் வேலையே நல்ல வேலை என்று தலைமுறைகளாகப் பழகிய கைகளுக்கு, மெல்லச் செய்வதும் வேலைதான் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கின்றது. சொல்பவர் அதே துணியைத் தாமும் எடுத்துத் துடைப்பாராயின், அச்சொல் இன்னும் நன்றாக விளங்கும்.