இண்டோர் கோர்ட்டில் எடுத்த போட்டோ மங்கலா வருதா? ஃபிளாஷ் இல்லாமலே பளிச்னு எடுக்கலாம்!

பீளமேட்டில் இண்டோர் ஸ்டேடியம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பி.எஸ்.ஜி. கோப்பை கூடைப்பந்துதான். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் ராக்கெட் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்சீட்டில் போகும் வாண்டுகளைப் பார்த்தால், இறகுப்பந்துக்கும் இங்கே கூட்டம் குறைவில்லை என்பது தெரியும். பிள்ளைகள் கோர்ட்டில் இறங்கியதும் பெற்றோர் போனை எடுக்கிறார்கள். நூறு, இருநூறு என்று கிளிக் பறக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் ஒரு பச்சை நிற மூட்டம், நடுவில் பேய் மாதிரி ஓர் உருவம். ஃபேமிலி குரூப்பில் போட்டால், "இதுல நம்ம பாப்பா எங்க கண்ணு நிக்குது?" என்று அம்மிச்சி கேட்பது நியாயம்தானே!

போன் விலை குறைவு என்பதால் வந்த பிரச்னை அல்ல இது. அந்த இடம் அப்படி.

ஏன் இவ்வளவு இருட்டு?

நம் ஊர்ப் பெரியவர்களிடம் 'பூப்பந்து' என்றால் அவர்களுக்கு ஞாபகம் வருவது வேறு ஆட்டம். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூரில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பால் பேட்மின்டன் அது. அந்தப் பந்து 27 கிராமுக்குக் குறையாது. அதனால் மண் மைதானத்தில், வெயிலில் ஆட முடிந்தது. இறகுப்பந்தில் அடிபடும் ஷட்டிலோ 16 இறகுகள் சேர்ந்தும் 4.74 முதல் 5.50 கிராம்தான். லேசாகக் காற்றடித்தால் போதும், கோட்டுக்குள் விழ வேண்டியது வெளியே போய்விடும்.

எனவே ஜன்னலை அடைக்கிறார்கள். வெள்ளை ஷட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சுவருக்கு அடர் நிறம் அடிக்கிறார்கள். ஆடுபவர் அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசக் கூடாது என்பதால் விளக்குகளைக் கோர்ட்டின் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறார்கள். ஆடுபவருக்கு வசதியான அத்தனையும் படம் எடுப்பவருக்கு இடைஞ்சல்.

சரி, ஃபிளாஷ் போடலாமே? கூடவே கூடாது. பெரிய போட்டிகளில் அதற்கு அனுமதியே கிடையாது. ஸ்மாஷ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் திடீர் வெளிச்சம் அடித்தால், போவது ஒரு பாயின்ட் மட்டுமாக இருக்காது. எதிரே வருவது வேகமாகப் பறக்கும் கார்க். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உள்ளே நுழையும்போதே ஃபிளாஷை 'ஆஃப்' செய்துவிடுங்கள். போனை 'ஆட்டோ'வில் விட்டால் அதுவே போட்டுக்கொள்ளும்.

ஷட்டிலை விடுங்கள், முகத்தைப் பிடியுங்கள்

2023-ல் சாத்விக் சாய்ராஜின் ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவானது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் ஷட்டர் திறந்தாலும், அந்த வேகத்தில் ஷட்டில் 16 செ.மீ. நகர்ந்திருக்கும். அதன் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! மங்கலான அரங்கில் போன் தானாக எடுத்துக்கொள்ளும் நேரமோ விநாடியில் ஐம்பதில், அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் கையும் ராக்கெட்டும் கரைந்தே போய்விடும்.

ஆகவே ஆட்டம் நிற்கும் கணங்களுக்காகக் காத்திருப்பதுதான் வழி. சர்வீஸ் போடுவதற்கு முன் ஷட்டிலை விரல் நுனியில் பிடித்திருக்கும் அந்த நொடி. எகிறிக் குதித்து, உச்சியில் உடல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும் நேரம். பாயின்ட் முடிந்ததும் முகத்தில் வருகிற சிரிப்பு, அல்லது கடிபடும் உதடு.

2016 ஆகஸ்ட் 19, ரியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டி ஞாபகம் இருக்கிறதா? சிந்துவை வென்ற கரோலினா மரின் கோர்ட்டிலேயே விழுந்து அழ, தோற்ற சிந்து வலைக்கு அந்தப் பக்கம் போய் அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அந்தப் படத்தில் ஷட்டில் பறக்கவே இல்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காஞ்சிபுரத்தின் துளசிமதி வெள்ளியோடும், திருவள்ளூரின் மனிஷா வெண்கலத்தோடும் ஒரே மேடையில் நின்றார்களே, அதுவும் அப்படித்தான்.

போனில் என்ன மாற்ற வேண்டும்?

'நைட் மோட்' வேண்டாம். அது பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும் வசதி. அசையாத கோயில் கோபுரத்துக்குச் சரி, ஓடும் பிள்ளைக்கு ஆகாது. 'ப்ரோ மோட்' இருந்தால் ஷட்டரை 1/250 அல்லது 1/500 என வையுங்கள். ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 வரை ஏற்றலாம். படத்தில் புள்ளி புள்ளியாக வரும், வரட்டும். புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் தெரியும், கரைந்த முகத்தைத் தெரியாது.

ஜூம் செய்யாதீர்கள். பெரும்பாலான போன்களில் அதிக வெளிச்சம் வாங்குவது 1x லென்ஸ்தான். அதனால் கால்களை நகர்த்துங்கள். அம்பயருக்கும் ஆடுபவருக்கும் தொந்தரவில்லாத தூரத்தில், பின்கோட்டின் மூலை நல்ல இடம். அங்கிருந்து வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் கிடைக்கும். ஃபோகஸ் மட்டும் வலையில் போய் மாட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. ஆடுபவர் மேல் விரலை வைத்து 'லாக்' செய்துகொள்ளுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் லென்ஸ் தேடத் தேவையில்லை. 50 எம்.எம். அல்லது 85 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சிக்கல், படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாதது வேகமான ஷட்டரில் மாட்டிக்கொள்ளும். கேமராவில் 'ஆன்ட்டி ஃபிளிக்கர்' இருந்தால் போடுங்கள். போன் என்றால் பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். இரண்டாவது தேறும்.

கிளிக் சத்தத்தையும் அணைத்துவிடுவது நல்லது. சர்வீஸ் நேரத்தில் அந்த அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

பின்கோட்டு மூலையில் நின்றால் எதிரே ஆடும் பிள்ளையின் முகமும் உங்கள் போனில் நிறைய சேர்ந்திருக்கும். கேட்காமல் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். மேட்ச் முடிந்ததும் அந்த அம்மாவிடமோ அப்பாவிடமோ நம்பர் வாங்கி, நல்லதாக நாலு படம் அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். அவர்கள் எடுத்ததில்தான் உங்கள் பிள்ளையின் முகம் இருக்கும். மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்!