ஒரு டிகிரி எவ்வளவு பெரியது?

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது 27 டிகிரி. மதியம் விளையாட்டுப் பீரியடில் 36. ஒரே நாளில் ஒன்பது டிகிரி ஏறி, விடிவதற்குள் அவ்வளவும் இறங்கியும் விடுகிறது. நமக்கு என்ன ஆயிற்று? ஒரு டம்ளர் மோர் கூடுதலாகக் குடித்தோம், அவ்வளவுதான். அப்படியிருக்க, ‘ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடிவிட்டது’ என்று பெரியவர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்?

நியாயமான கேள்விதான். பதிலைத் தேட இங்கிலாந்துக்குப் போக வேண்டும். காரணம், உலகிலேயே மிக நீண்ட வெப்பநிலைப் பதிவு அங்கேதான் இருக்கிறது. 1659ஆம் ஆண்டிலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் கணக்கு உண்டு. மதுரையில் திருமலை நாயக்கர் காலமானது அந்த ஆண்டில்தான். அன்றிலிருந்து இன்றுவரை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வடக்கே லங்காஷயர், தெற்கே லண்டன், மேற்கே பிரிஸ்டல் என்று மூன்று மூலைகளை வைத்துக் கோடு போட்டால் கிடைக்கும் முக்கோண நிலத்தின் கணக்கு அது. ‘மத்திய இங்கிலாந்து வெப்பநிலை’ என்று அதற்குப் பெயர்.

ஒரு வட்டாரத்துக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒரு எண் எப்படிக் கிடைக்கும்? திறந்த வெளியில், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்று புகுந்து வரும்படி பக்கமெல்லாம் சாய்வுச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்கும். தெர்மாமீட்டர் அதற்குள் இருக்கும். வெயில் நேரே படக்கூடாது, மழை நனைக்கக்கூடாது. அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரி. நாட்களைக் கூட்டி வகுத்தால் மாதம், மாதங்களிலிருந்து ஆண்டு. இப்படி வெவ்வேறு ஊர்களில் எடுத்ததைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் வட்டாரத்தின் எண் வந்துவிடும். நகரம் பெருகினால் கட்டடங்களும் தார்ச் சாலையும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும் அல்லவா? அதற்காக 1974இலிருந்து ஒரு சிறு கழிவும் கொடுக்கிறார்கள்.

இன்றைக்கு இது எளிது. 1600களில்? அப்போது இந்த வெள்ளைப் பெட்டி கிடையாது. சிலர் தெர்மாமீட்டரைக் கணப்பு மூட்டாத, வடக்குப் பார்த்த அறையில் மாட்டிவைத்திருந்தார்கள். செல்சியஸ் அளவை பிறக்கவே இல்லை. ஒவ்வொரு கருவி செய்பவரும் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டார். இப்படிப்பட்ட பழைய நாட்குறிப்புகளையும் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, திருத்தி, ஒரே தொடராகக் கோத்தவர் கோர்டன் மேன்லி என்ற புவியியல் பேராசிரியர். 1953இல் ஒரு பகுதியை வெளியிட்டார். 1659 வரை பின்னோக்கிப் போன முழுத் தொடர் வந்தது 1974இல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல்!

அவருக்கு நேர்ந்த சங்கடங்களில் ஒன்றைக் கேளுங்கள். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியது. செப்டம்பர் 2ஆம் தேதி படுத்துத் தூங்கிய மக்கள் 14ஆம் தேதி எழுந்தார்கள். பதினோரு நாட்கள் காணோம்! அதற்கு முந்தைய நாட்குறிப்புகளில் ‘ஜனவரி’ என்று எழுதியிருப்பது நம்முடைய ஜனவரி இல்லை. தேதிகளையெல்லாம் நகர்த்திய பிறகுதான் மாதச் சராசரியே போட முடிந்தது. 1700களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் நல்ல பதிவு கிடைக்காமல், கடலுக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பதிவைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஆரம்ப ஆண்டுகளின் எண்களைப் பத்தில் ஒரு பங்குவரை சொல்ல முடியாது என்பதால் முழு டிகிரியாகவே விட்டுவிட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதவில்லை. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, அந்த எண்கள் என்ன சொல்கின்றன? இத்தனை ஆண்டுகளில் மிகக் குளிர்ந்த ஆண்டு 1740. அதன் சராசரி 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சராசரி முதன்முறையாக 11 டிகிரியைத் தாண்டியது 2022இல். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு? நான்கு டிகிரியும் கொஞ்சமும். நம் ஊரில் காலைக்கும் மதியத்துக்கும் இடையிலேயே ஒன்பது டிகிரி வித்தியாசம். அங்கே முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தும் அதில் பாதிதான்.

ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கத்தைவிட 15 டிகிரி அதிகமாக ஒரே ஒரு நாள் கொளுத்துகிறது என்று வையுங்கள். அந்தப் பதினைந்தை 365ஆல் வகுத்தால் வருவது 0.04. ஆண்டுச் சராசரி அசைந்ததாகவே தெரியாது. அதை ஒரு டிகிரி உயர்த்த வேண்டுமென்றால் கோடை, குளிர்காலம், பகல், இரவு எல்லாமாகச் சேர்ந்து 365 டிகிரி கூடுதலாகத் தர வேண்டும். ஒரு வெயில் நாளால் ஆகிற காரியமா அது?

எதிர்ப்பக்கமாகவும் பார்க்கலாம். 1730கள் அங்கே இதமான பத்தாண்டு. அதை அடுத்து வந்தது அந்த 1740. சராசரி மூன்று டிகிரி அளவுக்குச் சரிந்தது. பக்கத்து நாடான அயர்லாந்தில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே உறைந்து வீணானது. சாப்பிடவும் இல்லை, விதைக்கவும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

குளிர் என்றதும் தேம்ஸ் நதி உறைந்த கதையைச் சொல்லாமல் விட முடியுமா? 1683–84 குளிர்காலத்தின் மூன்று மாதச் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே 1.2 டிகிரி. லண்டனில் நதி பாறையாக இறுகி, பனிக்கட்டியின் மேல் வரிசையாகக் கடைகள் போட்டார்கள். அச்சு இயந்திரத்தைக்கூட இறக்கிவைத்து, வந்தவர்களின் பெயரை அட்டையில் அச்சடித்துக் காசு பார்த்தார்கள். இப்படிப்பட்ட கடைசித் திருவிழா 1814இல் நடந்தது. ‘பார்த்தீர்களா, அதன் பிறகு வெப்பம் ஏறிவிட்டது’ என்று உடனே சொல்லிவிடக் கூடாது. பழைய லண்டன் பாலத்தின் குறுகலான வளைவுகள் தண்ணீரை அணைபோல் தேக்கிவைத்திருந்தன. தேங்கிய நீர் சுலபமாக உறையும். 1831இல் புதுப் பாலம் வந்ததும் அந்தப் பழைய பாலத்தை இடித்தார்கள், நதி வேகமாக ஓடத் தொடங்கியது. 1963இல் கடுங்குளிர் அடித்தபோதுகூட லண்டன் நகருக்குள் தேம்ஸ் முழுதாக உறையவில்லை. பாதிப் பழி பாலத்துக்குத்தான்!

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை வைத்தும் முடிவு கட்ட முடியாது. 2010இல் சராசரி 9 டிகிரிக்கும் கீழே. 2011இல் பத்தரையைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தை ஒதுக்கிவிட்டுப் போக்கைக் கண்டுபிடிக்கத்தான் வானிலையாளர்கள் முப்பது ஆண்டுகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1700களிலும் 1800களிலும் நீண்டகாலச் சராசரி 9 டிகிரியை ஒட்டியே நின்றது. 1961 முதல் 1990 வரை சுமார் ஒன்பதரை. 1991 முதல் 2020 வரை பத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பழைய நூற்றாண்டுகளின் இதமான ஆண்டு இப்போது சாதாரண ஆண்டு.

காரணத்தை 1938லேயே ஒருவர் சொன்னார். கை காலண்டர் என்ற ஆங்கிலேயர். தொழிலால் நீராவிப் பொறியாளர், வானிலை அவருக்குப் பொழுதுபோக்கு. உலகின் 147 வானிலை நிலையங்களின் கணக்குகளைக் கையாலேயே கூட்டிக் கழித்து, பூமி சூடேறி வருகிறது என்றார். நிலக்கரியை எரிப்பதால் சேரும் கார்பன்டை ஆக்சைடு சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது என்றும் சொன்னார். பெரிய விஞ்ஞானிகள் நம்பவில்லை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

காலண்டர் பயப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. குளிர்நாடுகளுக்கு இது நல்லதே, விவசாயம் செழிக்கும் என்று எழுதினார். ஒரு பாதி பலித்தது. ஆப்பிளுக்குப் பேர்போன கென்ட் மாவட்டத்தில், பழைய ஆப்பிள் தோட்டம் ஒன்றை 2015இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கி, பிறகு திராட்சை நட்டது. மறுபாதி பொய்த்ததைக் காட்டியது 2022 ஜூலை 19. அன்றுதான் பிரிட்டனில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைக் கடந்தது. லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3. லண்டனின் கிழக்கு ஓரத்தில் வென்னிங்டன் என்ற கிராமத்தில் காய்ந்த புல்லில் பிடித்த தீ வீடுகளுக்குப் பரவிச் சாம்பலாக்கியது. அங்கே வீடு கட்டுபவர்கள் சூடு வெளியே போகாமல் இருக்கத்தான் தலைமுறை தலைமுறையாக வழி பார்த்திருக்கிறார்கள். மின்விசிறி மாட்டக் கூரையில் கொக்கிகூட இருக்காது.