மந்திரத்துக்குக் குரு வேண்டும், குலமும் வேண்டுமா?

புது தில்லி: தாந்திரிக வழிபாட்டில் மந்திரத்தை ஏட்டைப் பார்த்துக் கற்றால் போதாது, குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கு வர வேண்டும் என்பது மரபு. சபரிமலையில் புதிய மேல்சாந்தி பொறுப்பேற்கும்போது தந்திரி அவரது காதில் மூலமந்திரத்தை ஓதுவது இதனால்தான்.

இந்தக் குருபரம்பரை குலப்பரம்பரையாகவும் இருக்க வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை வந்தது. எர்ணாகுளம் மாவட்டச் சிவாலயம் ஒன்றில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் பிராமணர் அல்லாத ஒருவரைச் சாந்தியாக நியமித்தது. மலையாள பிராமணருக்கே அவ்வுரிமை உண்டு என வாதிட்டார் மனுதாரர். நீதிபதிகள் எஸ். ராஜேந்திர பாபு, துரைசாமி ராஜு ஆகியோர் 2002 அக்டோபர் 3-ல் அதை ஏற்க மறுத்தனர். மந்திரமும் தந்திரமும் முறைப்படி கற்றுத் தகுதி பெற்றிருந்தால் போதும், பிறப்பு நிபந்தனை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

2017-ல் அவ்வாரியக் கோயில்களின் சாந்திப் பணிக்குத் தேர்வான பிராமணர் அல்லாத 36 பேரில் 6 பேர் தலித்துகள்.

அடுத்து, குரு யார் என்பதே வழக்காயிற்று. கேரளக் கோயில் பூஜைக்கு இலக்கணம், 15-ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரி இயற்றிய தந்திர சமுச்சயம். தந்திர வித்யாலயங்கள் வழங்கும் சான்றிதழைச் சாந்தி நியமனத்துக்கு ஏற்பதை எதிர்த்துத் தந்திரிகள் அமைப்பு தொடுத்த வழக்கை, 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆனால், சபரிமலை மேல்சாந்தி மலையாள பிராமணராகவே இருக்க வேண்டும் என்ற வாரிய அறிவிப்பை எதிர்த்த மனுக்களையும் அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்திருந்தது. கிராமத்துச் சிவாலயத்தில் தீர்ந்த கேள்வி, சபரிமலைச் சந்நிதியில் இன்னும் தீரவில்லை.