பாலைவன மரமும் புல்லுருவியும்

நமது சங்க அங்கத்தினர்களில் மாந்தோப்பு உடையவர்கள் புல்லுருவியை நன்கு அறிவார்கள். மண்ணில் வேரூன்றாமல் பிற மரத்தின் கிளையில் ஒட்டிக்கொண்டு, அம்மரம் தேடிய நீரையும் சத்தையும் உறிஞ்சி வளர்வது அதன் இயல்பு. தண்ணீர் வசதியுள்ள தோப்பிலேயே அதனால் கிளைகள் பட்டுப்போகின்றன. அவ்வாறாயின், மழையே அரிதான பாலைவனத்தில் ஒரு மரம் தனக்கும் புல்லுருவிக்கும் சேர்த்து எவ்வாறு நீர் தேட முடியும்? வட அமெரிக்காவிலுள்ள ஸொனோரா பாலைவனத்தில் இதற்கு விடை காணலாம். அவ்விடை நமது தோப்புகளுக்கும் பயன்படக்கூடியது.

மரத்தின் சிக்கனம்

ஸொனோரா பாலைவனம் ஐக்கிய அமெரிக்காவின் அரிஸோனா, கலிபோர்னியா ராஜ்யங்களிலும், மெக்ஸிகோ நாட்டின் வடமேற்குப் பகுதியிலும் பரவியுள்ளது. அங்கே பெரும்பாலான இடங்களில் வருஷ மழை 3 முதல் 15 அங்குலமே. அந்நிலத்தில் வளரும் மரங்களுள் முக்கியமானது மெஸ்கீட். இது நம் நாட்டில் பரவியுள்ள சீமைக் கருவேலுக்கு நெருங்கிய உறவு. டூசான் நகருக்கு அருகில் ஒரு சுரங்கக் குழியில் இம்மரத்தின் வேர் 150 அடிக்கும் கீழே சென்றிருந்ததாக 1963-ஆம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. பாலோவெர்டே என்னும் மற்றொரு மரம், வறட்சி மிகும்போது இலைகளை உதிர்த்துவிட்டுத் தன் பச்சைப் பட்டையினாலேயே உணவு தயாரிக்கும். இவ்விதம் ஒவ்வொரு சொட்டு நீரையும் எண்ணிச் செலவிடும் மரங்களின்மேல்தான் பாலைவனப் புல்லுருவி குடியேறுகிறது.

விருந்தாளியின் தாராளம்

இப்புல்லுருவிக்கு இலைகள் வெறும் செதில்களாகவே இருக்கும். பச்சைத் தண்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சூரிய வெளிச்சத்தைக்கொண்டு அத்தண்டுகளே பெரும்பாலான உணவைத் தயாரித்துக்கொள்வதால், அது முழுவதும் பிறர் சோற்றை உண்பது என்று கூறுவதற்கில்லை. ஆனால் நீரும் உப்புச் சத்துகளும் மரத்தினுடையவையே. கிளைக்குள் புகுந்த உறிஞ்சுவேர், மரத்தின் நீர்க்குழாய்களோடு இணைந்துவிடுகிறது. பிறகு மரத்தைக் காட்டிலும் தாராளமாக நீரை ஆவியாக வெளியிட்டு, அவ்விழுப்பினால் மேலும் நீரைத் தன் பக்கம் வரவழைத்துக்கொள்கிறது.

இந்த வீண்செலவு ஏன்? நீரில் கரைந்துவரும் தழைச்சத்து மிகவும் சொற்பம்; அதைப் போதிய அளவு பெறவேண்டுமானால் நீரை மிகுதியாக இழுக்கவேண்டும் என்பது விஞ்ஞானிகள் கூறும் ஒரு காரணம். 1985-ஆம் வருஷத்தில் எஹ்லரிங்கர் முதலியோர் பல நாட்டுப் புல்லுருவிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்கு ஆதரவாயுள்ளது. தழைச்சத்து நிறைந்த மரத்தின்மேல் வளரும் புல்லுருவி, நீர்ச்செலவில் மரத்தைவிட அவ்வளவாக மிஞ்சுவதில்லை என்றும், சத்துக் குறைந்த மரத்தின்மேல் வளர்வது மிகவும் மிஞ்சுகிறது என்றும் அவர்கள் கண்டனர்.

பறவை செய்யும் விதைப்பு

இதன் விதையைப் பரப்புவது பைனோபெப்லா என்னும் கொண்டையுள்ள பறவை. ஆண் பறவை பளபளப்பான கறுப்பு நிறமும் சிவந்த கண்ணும் உடையது. பழங்கள் நிறைந்த காலத்தில் அது ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழங்களைத் தின்னக்கூடும். விதைகள் செரிமானமாகாமல், பசையுடன் எச்சத்தில் வெளிப்பட்டுக் கிளைகளில் ஒட்டிக்கொள்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பறவை பழத்தைத் தேடிச் செல்வது ஏற்கெனவே புல்லுருவி பிடித்த மரத்திற்கே. ஆதலால் புதிய விதைகளும் பெரும்பாலும் அம்மரத்திலேயே விழுகின்றன. அரிஸோனாவில் ஸாண்டா ரீட்டா ஆராய்ச்சி நிலத்தில் நடந்து, 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதை உறுதிப்படுத்திற்று. உயரமான மரங்களுக்கும், முன்பே புல்லுருவி உள்ள மரங்களுக்கும் விதை அதிகமாக வந்து சேர்ந்தது. கடன்பட்டவன் வீட்டுக்கே மேலும் கடன் வந்து சேருவது போன்றதே இது.

மரத்தின் கதி

ஒன்றிரண்டு கொத்துகளைத் திடமான மரம் பல வருஷம் தாங்கும். கொத்துகள் பெருகினால், அவற்றிற்கு அப்பாலுள்ள கிளை நுனிகள் முதலில் காயும். கடும் வறட்சியும் சேர்ந்தால் மரமே மடியலாம். ஆனால் மரம் மடிந்த அன்றே புல்லுருவிக்கும் முடிவுதான். தன்னைத் தாங்குபவனை முற்றிலும் அழிப்பது அதற்கும் லாபமன்று.

புல்லுருவி கேடு மாத்திரமே செய்வது என்றும் எண்ணலாகாது. குளிர்காலத்தில் வேறு பூக்கள் அருகியிருக்கும்போது அதன் மணமுள்ள பூக்கள் பூச்சிகளுக்குத் தேன் அளிக்கின்றன. பழங்கள் பறவைகளுக்கு உணவாகின்றன. ஆகவே பாலைவனக் காட்டில் அதை அடியோடு ஒழிப்பது தகாது. பிழைப்புக்காக வளர்க்கும் தோப்பின் நிலை வேறு.

நாம் செய்யவேண்டியது

நமது மாமரப் புல்லுருவி வேறு ஜாதியாயினும், பறவையினால் பரவுவதும் கிளைக்குள் உறிஞ்சுவேர் செலுத்துவதும் அதற்கும் உரியவையே. ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பார்களாக. முதலாவது, புல்லுருவி காய்ப்பதற்கு முன்பே அதை அகற்றுக. இரண்டாவது, வெளியே தெரியும் கொத்தை மட்டும் ஒடித்தால் உள்ளிருக்கும் வேர் மறுபடியும் தளிர்க்கும். ஆதலால் சிறு கிளையாயின், ஒட்டிய இடத்திற்கு ஓரடி கீழே கிளையோடு வெட்டுக. மூன்றாவது, ஒருமுறை பிடித்த மரத்தையும் அதையடுத்த உயர்ந்த மரங்களையும் வருஷந்தோறும் சோதிக்க. நான்காவது, பறவைக்கு வேலி இல்லை. ஒருவர் மட்டும் வெட்டி அடுத்த தோப்புக்காரர் வாளாவிருந்தால் விதை திரும்ப வந்து சேரும். ஆகையால் கிராமத்தார் ஒரு நாளைக் குறித்து, எல்லாத் தோப்புகளிலும் ஒருங்கே இவ்வேலையைச் செய்து முடிப்பது நலம்.