தொண்டுக்கட்டையும் செய்மதியும்

அடங்காத மாட்டின் கழுத்தில் நம் ஊர்களில் தொண்டுக்கட்டை கட்டுவார்கள். முழங்கால் மட்டத்தில் தொங்கும் ஒரு மரத்துண்டு, அவ்வளவுதான். மாடு மெல்ல நடந்து மேயலாம். அடுத்தவன் வயலைப் பார்த்து ஓடத் தொடங்கினால் கட்டை முன்னங்கால்களில் மாறி மாறி அடிக்கும். காவலுக்கு ஆள் வேண்டாம்.

விஞ்ஞானக் கதைகளில் கைதிகளுக்கு மாட்டும் கழுத்துப்பட்டைகளும் இதே சூத்திரம்தான். 1968இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயமொன்றில் எசமானர் நினைத்தால் பட்டை வலியைக் கொடுக்கும். கௌஷுன் தக்காமி 1999இல் எழுதிய ‘பேட்டில் ராயல்’ நாவலில், தடைசெய்த எல்லைக்குள் நிற்கும் மாணவனின் பட்டை வெடித்துவிடும்.

அதனால், பட்டை போட்ட காட்டு யானையைக் கண்டால் ‘இனி இது ஊருக்குள் வராது’ என்று நினைக்கத் தோன்றும். இலங்கையின் திரியாயிலும் புல்மோட்டையிலும் யானை விரட்டும் வெடியோடு இரவைக் கழிப்பவர்களுக்கு அது ஆறுதலான நினைப்பு. ஆனால் அந்தப் பட்டைக்குத் தடுக்கத் தெரியாது.

யானையை மயக்க ஊசியால் நிறுத்தி, தடித்த இயந்திரப் பெல்ட் ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் பூட்டுகிறார்கள். அடியில் தொங்கும் பாரம், ஜிபிஎஸ் கருவி சரியாமல் பிடரியிலேயே நிற்கும்படி இழுத்துப் பிடிக்கிறது. சில மணிக்கொருமுறை கருவி தன் இடத்தைக் குறித்துச் செய்மதிக்கு அனுப்பும். வளரும் குட்டிக்கு இது ஆகாது. கழுத்து பருத்தால் இறுக்கிவிடும்.

2023 மே மாதக் கடைசியில் தமிழ்நாட்டுக் கம்பம் நகரத் தெருக்களில் ஓடிய அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் கழுத்திலும் பட்டை இருந்தது. யானை வரும் திசையைப் பட்டை சொன்னது, வருவதை நிறுத்தவில்லை.

சொன்னதே பெரிய உதவிதான். பயிரழிக்கும் யானையைப் பிடித்துத் தூரத்துப் பூங்காவில் விட்டால் பிரச்சினை தீரும் என்று நம்பியிருந்தோம். யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் இலங்கையில் அப்படி இடம்மாற்றிய 12 ஆண் யானைகளைப் பட்டை போட்டுத் தொடர்ந்தார்கள். 2012இல் வெளியான முடிவு சங்கடமானது: சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன, சிலதான் புது இடத்தில் தங்கின. மோதலும் யானைச் சாவும் கூடின. லொறியில் ஏற்றியது யானையை மட்டுமல்ல, தொல்லையையும்தான்.

கதைகளில் வரும் பட்டையும் இப்போது வந்துவிட்டது. நோர்வேயில் ஆடுகளுக்கு மாட்டுகிறார்கள். கைபேசியில் வரைந்த எல்லையை நெருங்கினால் முதலில் ஒலி. மீறினால் சிறு மின்னதிர்ச்சி. சில நாட்களில் ஒலிக்கே ஆடு திரும்பிவிடும். இதே முறையை இலங்கையில் வளர்ப்பு யானைகளிலும் சோதித்திருக்கிறார்கள்.

காட்டு யானைகளுக்கு அதை மாட்டுவதற்குமுன் எனக்கொரு சந்தேகம். பற்றரி ஓய்ந்த அன்று அதை மாற்ற, அந்த யானையை மறுபடி தேடிப்போய் ஊசி போட வேண்டுமே. தொண்டுக்கட்டையில் கயிறு அறுந்தால் வேறு கயிறு போதும்.