கொடிகள் பல, பணிமனை ஒன்று

சம்பா அறுவடை நடைபெறும் தை, மாசி மாதங்களில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோருள் ஒரு சாராரைப் பார்த்த அளவிலேயே அடையாளம் காண இயலும். உறக்கமின்றிச் சிவந்த கண்கள், தூசி படிந்த சட்டை, சென்ற மாதம் வரை கட்டுக்குள் இருந்து இப்போது ஏறி நிற்கும் இரத்த அழுத்தம். நெல் கொள்முதல் நிலையங்களில் பணியாற்றுவோர் இவர்கள். மாத்திரையைத் தவறாது உட்கொள்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்பார்கள். ஊறுகாயை விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். அவை பெரும்பாலும் உண்மையே. சற்று நேரம் பேசவிட்டால்தான் வேறொன்று வெளிவரும். உடன் பணிபுரியும் ஒருவரோடு மூன்று வாரமாகப் பேச்சு இல்லை, காரணம் கட்சி.

நோய்க்குறிப்பேட்டில் இதனை எழுதத் தனிக் கட்டம் கிடையாது. எனினும் கேட்டறிய வேண்டிய செய்தி என்றே நாங்கள் கருதுகிறோம்.

கொள்முதல் நிலையத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு விளக்கத் தேவையில்லை; ஆயினும் மருத்துவர் கண்கொண்டு ஒருமுறை பார்ப்போம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமைதூக்கும் தொழிலாளர் எனச் சிலரே இருப்பர். எதிரே நெல்லைக் குவித்துவிட்டு நாட்கணக்கில் காத்திருக்கும் உழவர்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் விதிப்படி வாங்க இயலாது. அவ்வளவைத் தளர்த்தும் ஆணை தில்லியிலிருந்து வர வேண்டும். எடைபோட்டு அடுக்கிய 40 கிலோ சிப்பங்களை ஏற்றிச் செல்ல லாரி வர வேண்டும். வராவிட்டால் இடமில்லை, இடமில்லையேல் கொள்முதல் இல்லை. மேற்கே மேகம் கறுத்தால் தார்ப்பாய் போதாது. கிடங்குக்குப் போய்ச் சேருகையில் எடை குறைந்தால் அதற்குத் தாங்களே பொறுப்பேற்க நேரிடுகிறது என்பது பணியாளர்களின் நெடுநாள் குறை. உழவரின் சினம் நியாயமானது. ஓராண்டு உழைப்பு மழையில் முளைவிடுவதை எவர் பொறுப்பார்? ஆனால் அச்சினத்தை ஏற்கும் எழுத்தரின் கையில் ஈரப்பதமானியைத் தவிர வேறு அதிகாரம் ஏதுமில்லை. கேட்பவர் எதிரில் நிற்கிறார். முடிவெடுப்பவர் எங்கோ இருக்கிறார்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர், நடத்துநர் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. பேருந்து தாமதமானதற்குச் சாலைப் பணி காரணமாயிருக்கலாம். ஏச்சுக் கேட்பவர் நடத்துநரே.

இவ்வளவுக்கும் மேலாக வருகிறது கொடி. எந்தப் பணிமனையின் வாயிலிலும் வரிசையாகக் கொடிக்கம்பங்களைக் காணலாம். ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு, தொழிலாளர் முன்னேற்றச் சங்கம், அண்ணா தொழிற்சங்கம் என ஒவ்வொன்றும் ஒரு கட்சியின் நிழலில் நிற்பது எவருக்கும் தெரிந்ததே. ஆகவே இங்கே அரசியல் கருத்து வேறுபாடு என்பது தேநீர் வேளையில் எழுந்து மறையும் விவாதமன்று. எவருக்கு எந்த வழித்தடம், எவருக்கு இரவுப்பணி, எவருக்கு இடமாற்றம் என்ற ஐயங்களோடு அது பின்னிக் கிடக்கிறது. ஆட்சி மாறினால் தம் நிலை என்னாகும் என்ற அச்சத்தைப் பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவ்வச்சம் எந்த அளவு உண்மை என்று ஆராய்வது எங்கள் வேலையன்று. உடல் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அஞ்சினால் நாடி விரைகிறது, அவ்வளவே.

"வேலையிடத்தில் அரசியலே பேசாதீர்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. பல நூல்கள் அவ்வாறே கூறுகின்றன. தஞ்சை மண்ணுக்கு அது பொருந்தாது என்பது எங்கள் எண்ணம். இங்கே வேலையும் அரசியலும் என்றும் பிரிந்திருந்ததில்லை. குத்தகை உழவரையும் பண்ணையாட்களையும் காக்க 1952ஆம் ஆண்டு தஞ்சைக்கெனவே ஒரு சட்டம் வந்ததென்றால், அது வயலில் வேலை செய்தவர்கள் அமைப்பாகத் திரண்டு கேட்டதன் விளைவு. 1968 டிசம்பர் 25 அன்று, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்ட கொடுமையின் பின்னே கூலி உயர்வுக் கோரிக்கையும் ஒரு சங்கக் கொடியும் இருந்தன. இத்தகைய நினைவுள்ள குடும்பங்களிலிருந்து வருவோரிடம் கொடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் சொன்னால், அவர் தலையசைத்துவிட்டுப் போவார். நம் பேச்சை அதன்பின் கேட்கமாட்டார்.

அப்படியாயின் எது நோயாக்குகிறது? கருத்து வேறுபாடா, வேறொன்றா?

இலண்டனில் 1967ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் பணியாற்றிய தெருவின் பெயரால் அதனை ஒயிட்ஹால் ஆய்வு என்பர். பெரும் பொறுப்புச் சுமக்கும் உயரதிகாரிக்கே மாரடைப்பு அதிகம் வரும் என்பது அந்நாளைய நம்பிக்கை. நம்மூரிலும் அந்நம்பிக்கை இன்னும் உண்டு. ஆய்வு கண்டது அதற்கு நேர்மாறு. கடைநிலை ஊழியரிடையே இதயநோய் இறப்பு உயர்நிலை அதிகாரிகளிடையே இருந்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 1979ஆம் ஆண்டு இராபர்ட் கராசெக் என்னும் அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: வேலையின் நெருக்கடி மட்டும் ஒருவரை அழுத்துவதில்லை, நெருக்கடி மிகுந்தும் தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் வேலையே அழுத்துகிறது. கொள்முதல் நிலையத்து எழுத்தரை அவர் பார்த்ததில்லை, ஆனால் வருணனை அவருக்கே பொருந்துகிறது. பின்வந்தோர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தனர்: உடன் பணிபுரிவோரின் ஆதரவு. மற்ற இரண்டும் மோசமாயிருந்து இதுவும் இல்லாதபோதே தீங்கு மிகுகிறது என்றனர்.

கட்சிப் பகை நமக்குச் செய்யும் கேடு இந்த மூன்றாவது இடத்தில்தான். லாரி வராததையோ ஈரப்பத விதியையோ தனி ஒருவர் மாற்ற இயலாது. நெஞ்சு படபடக்கும் வேளையில் "நீ போய்க் கொஞ்சம் உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லக் கூடியவர் பக்கத்தில் உள்ளவர் ஒருவரே. அவரோடு பேச்சு முறிந்திருந்தால் அந்த ஒரு வழியும் அடைபடுகிறது. ஆதலால் எங்கள் ஆலோசனை கருத்தைக் கைவிடுங்கள் என்பதன்று. கருத்து அப்படியே இருக்கட்டும். ஆளைக் கைவிட வேண்டாம். சாப்பாட்டுத் தூக்கைச் சேர்ந்து திறப்பது, பணிமாற்றத்தின்போது வண்டியின் பழுதை முறையாகச் சொல்லிக் கொடுப்பது போன்ற சிறு வழக்கங்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கொள்கை விவாதத்தை இரவு பதினோரு மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நடத்துவது பயனற்றது என்பதையும் சொல்லிவிடுகிறோம். எதிரில் முகம் இல்லாத இடத்தில் சொல் தடித்துவிடுகிறது, போவது உறக்கம்.

சினத்தைப் பற்றிச் சில மருத்துவச் செய்திகள். கடுஞ்சினம் வெடித்த பின் வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் உயர்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு வெளியிட்டனர். நலமாயுள்ள ஒருவருக்கு அந்த வாய்ப்பு அடிப்படையில் மிகச் சிறியது. நான்கு மடங்கானாலும் சிறியதே. ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு அப்படியன்று. வாக்குவாதத்தின் நடுவில் நெஞ்சு இறுகினாலோ, இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்கு வலி பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, சினத்தால் வந்தது தணிந்துவிடும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் அறிய வேண்டியது வேறொன்று. வரிசையில் நிற்கும் உழவர்களை விட்டு எழ முடியாமல் மதிய உணவு மூன்று மணிக்குத் தள்ளிப்போகிறது. காலையில் போட்ட மாத்திரையோ இன்சுலினோ தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கைநடுக்கம், வியர்வை, காரணமற்ற எரிச்சல் தோன்றுகின்றன, எவரையோ கடிந்துகொள்கிறார். பார்ப்பவர் அதனைக் கட்சிச் சண்டை என்று எண்ணுவர். இரத்தச் சர்க்கரையைச் சோதித்தால் 70க்குக் கீழ் இருக்கக் கூடும். அவ்வேளையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தேறியபின் உணவு உண்ண வேண்டும். நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. இச்செய்தியை உடன் பணிபுரியும் ஒருவராவது அறிந்திருப்பது நன்று. அவர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்று சர்க்கரை கேட்பதில்லை.

நிலையத்திலோ வழித்தடத்திலோ கழிப்பறை இல்லை என்பதற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையை விட்டுவிடுவோர் பலர், குறிப்பாகப் பெண்கள். இதில் நாணத்துக்கு இடமில்லை. எங்களிடம் சொன்னால் வேளையை மாற்றியோ மருந்தை மாற்றியோ தர இயலும். இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இனி, வீட்டில் இருப்போருக்கு. பணி முடிந்து வந்தவர் வாசலிலேயே எரிந்து விழுந்தால் அந்நேரமே காரணம் கேளாதீர்கள். குளித்து உண்ட பின் கேட்கலாம். "உங்களுக்கு எதற்கு ஊர் வம்பு?" என்ற கேள்வி பெரும்பாலும் அவரை மேலும் தனிமைப்படுத்தும், அவருக்கு அது வம்பன்று, பிழைப்பு. "இன்று யாரோடு சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து பல நாள் "யாரோடும் இல்லை" என்றே விடை வந்தால் அதனை எங்கள் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள். இரு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், மது மிகுந்தால், வாழ்வதில் பொருளில்லை என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் தாமதிக்க வேண்டாம். டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரைப் பார்க்கும் நேரத்தில் நாங்கள் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. மாதக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டிருந்தவர் ஆப்பிளோ ஆர்லிக்ஸோ வாங்கிக்கொண்டு வார்டு வாசலில் தயங்கி நிற்பார். நோய்க்கும் துக்கத்துக்கும் போகாமலிருப்பது நம் ஊர்களில் வழக்கமன்று. குடும்பத்தாரே சில வேளை அவரைத் தடுத்துவிடுகிறார்கள். நோயாளி படபடப்பார் என்ற அச்சம் புரிகிறது. நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள். மீண்டும் பணிக்குத் திரும்பும் நாளில் மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கப் போகிறவர் அவராக இருக்கலாம்.

பணிக்குத் திரும்பத் தகுதிச் சான்று பெற வருவோர், "வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்பது வழக்கம். செய்யும் வேலையை விவரமாகச் சொல்லுங்கள்: எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், வண்டியை எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுகிறீர்கள், இரவுப்பணி வாரத்துக்கு எத்தனை, உணவு வேளை எப்போது. எத்தனை வாரத்துக்குச் சுமை தூக்கலாகாது, எதுவரை இரவுப்பணி கூடாது என்று நாங்கள் தெளிவாக எழுதித் தருவோம். சான்றின் படி ஒன்றை மேலாளரிடமும், மற்றொன்றைச் சங்கப் பொறுப்பாளரிடமும் கொடுங்கள். பணி ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாரிப்பவர் மாற்றுச் சங்கத்துக்காரராக இருப்பின், அவரிடமும் ஒரு படியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.