சுழலும் ஷாஃப்ட்டுக்கு ஒரு காவல்: ஃபேனிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் உள்ள சீல்

மிக்ஸி ஜாரின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது. ரிப்பேர் கடையில் காட்டினால் "புஷ் போயிடுச்சு" என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முதலில் போவது புஷ் அல்ல. பிளேடு ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் சின்ன ரப்பர் வாஷர்தான். அது தேய்ந்ததும் அரைக்கிற தண்ணீர் புஷ்ஷுக்குள் இறங்கி எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகிறது. அதன் பிறகே புஷ் தேய்கிறது, சத்தம் வருகிறது.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதை நடக்கலாம். பிராசசர் மேல் ஒரு ஃபேன், பவர் சப்ளைக்குள் ஒரு ஃபேன், கேபினட்டின் பின்னால் ஒன்று. ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குள்ளும் ஒரு மோட்டார். "என் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டிதான் இருக்கிறது" என்கிறீர்களா? எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, அது உண்மைதான். ஆனால் போட்டோக்களைச் சேர்த்துவைக்க வாங்கிய எக்ஸ்டர்னல் டிரைவில் இருப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான்.

இவை ஒவ்வொன்றிலும் ஒரு ஷாஃப்ட், அதைத் தாங்க ஒரு பேரிங், அந்தப் பேரிங்கைக் காக்க ஒரு சீல் உண்டு. இந்தச் சீல் எப்படி வடிவமைக்கப்படுகிறது, அது கெட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

சீலுக்கு இரண்டு வேலை

பேரிங் நீண்ட நாள் உழைக்க எண்ணெயோ கிரீஸோ வேண்டும். சீல் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே போகக்கூடாது. வெளியே இருக்கும் தூசியும் ஈரமும் உள்ளே வரக்கூடாது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. அசையாத பாகமாக இருந்தால் சுலபம்தான். பிரஷர் குக்கர் மூடிக்குக் கேஸ்கெட் போடுவது போல ஒரு ரப்பர் வளையத்தை வைத்து அழுத்திவிடலாம். ஆனால் ஷாஃப்ட் சுழல்கிறது. ரப்பரை அதன் மேல் அழுத்தினால் உரசும். உரசினால் சூடு வரும், ரப்பர் தேயும், மோட்டாரின் சக்தி வீணாகும். உரசாமல் இடைவெளி விட்டால் அந்த வழியாக எண்ணெய் கசியும், தூசி நுழையும்.

உரசலா, இடைவெளியா? சீல் வடிவமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். மற்றவை எல்லாம் இதைத் தொடர்ந்து வருபவை.

பேரிங் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நம் வீட்டுச் சீலிங் ஃபேன்களில் 6202 என்ற எண்ணுள்ள பால் பேரிங் பரவலாகப் பயன்படுகிறது. உள் விட்டம் 15 மி.மீ., வெளி விட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். 'இசட்இசட்' என்றால் இரண்டு பக்கமும் உலோகத் தகடு மூடியிருக்கிறது என்று பொருள். தகடு உள் வளையத்தைத் தொடாது. மெல்லிய இடைவெளி இருக்கும். '2ஆர்எஸ்' என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். அதன் உதடு உள் வளையத்தைத் தொட்டு உரசிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரும் சேறும் படும் இடத்துக்கு 2ஆர்எஸ் நல்லது. கம்ப்யூட்டர் ஃபேனுக்கோ இசட்இசட்தான் பொருத்தம். காரணம் எளிது. கேபினட் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுகிறது. பல ஃபேன்கள் எடுத்துக்கொள்ளும் சக்தி 1 முதல் 2 வாட்தான். ரப்பர் உதட்டின் உரசலுக்கே அதில் ஒரு பங்கு போய்விட்டால் காற்று தள்ள என்ன மிஞ்சும்? கேபினட்டுக்குள் தண்ணீர் வரப்போவதும் இல்லை.

ஃபேனில் ஸ்டிக்கரும் ஒரு சீல்

விலை குறைந்த ஃபேன்களில் பால் பேரிங் இருக்காது. ஸ்லீவ் பேரிங் எனப்படும் புஷ்தான் இருக்கும். பித்தளை நிறத்தில் தெரியும் இந்த வெண்கலக் குழாய், உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யப்படுவது. அதன் நுண்ணிய துளைகள் எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்துவைத்திருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது எண்ணெய் வெளியே வந்து மெல்லிய படலமாக நிற்கும். நின்றதும் துளைகளுக்குள் திரும்பும்.

இந்த எண்ணெயைக் காப்பவை மூன்று. இறக்கைப் பக்கம் ஒரு சிறிய வளையம், ஷாஃப்ட் வழியாக ஊர்ந்து வரும் எண்ணெயைத் தடுத்துத் திருப்பிவிடும். பின்பக்கம் ஷாஃப்ட்டின் முனையைப் பிடிக்கும் கிளிப்பும் வாஷரும் இருக்கும். அவற்றின் மேல் ரப்பர் மூடியோ, கம்பெனி பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரோ இருக்கும். பல ஃபேன்களில் அந்த ஸ்டிக்கர்தான் கடைசிச் சீல்! விளையாட்டாகப் பிய்த்துவிட்டால் எண்ணெய் காயவும் தூசி நுழையவும் வழி திறந்துவிடும்.

இன்னொரு விஷயம். ஃபேனைப் படுக்க வைத்தால், அதாவது ஷாஃப்ட் செங்குத்தாக நின்றால், எண்ணெய் கீழ்நோக்கி இறங்கப் பார்க்கும். கேபினட்டின் மேல்தட்டில் பொருத்த ஃபேன் வாங்கும்போது ஸ்லீவ் வகையைத் தவிர்த்து, பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் பேரிங் கேட்டு வாங்குவது இதனால்தான்.

ஹார்ட் டிஸ்க்கின் கவலை வேறு

மேஜைக் கம்ப்யூட்டர்களில் வரும் பல ஹார்ட் டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு கோடியே 3 லட்சத்து 68 ஆயிரம் சுற்று! தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள தூரம் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியும் ஒரு எண்ணெய்த் துளியும் அங்கே மலைக்குச் சமம்.

ஆக, இங்கே ரப்பர் சீலை நினைத்தே பார்க்க முடியாது. உரசும்போது உதிரும் ரப்பர் துகள்களே தட்டைக் கெடுத்துவிடும். உலோகத் தகடும் போதாது. இடைவெளி வழியாக கிரீஸின் ஆவி தட்டுகளின் பக்கம் போகும். 1980-களில் வந்த பல ஹார்ட் டிஸ்க்குகளில் மோட்டார் பெட்டிக்கு வெளியே, அடிப்பக்கம் இருந்தது. ஷாஃப்ட் பெட்டியின் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அந்தத் துளையை அடைப்பது எப்படி?

விடை விண்வெளி ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1963-ல் நாசாவைச் சேர்ந்த ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து நகர்த்த ஒரு வழி தேடினார். மிக நுண்ணிய காந்த இரும்பு ஆக்சைடு துகள்களைத் திரவத்தில் கலந்தார். காந்தத்தால் இழுக்கப்படும் இந்தத் திரவத்துக்கு ஃபெரோஃப்ளூயிட் என்று பெயர். துகள்களின் அளவு சுமார் 10 நானோமீட்டர் என்பதால் அவை அடியில் படிவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு உண்டு.

ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு வளையக் காந்தம், அதன் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. தகட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் இந்தத் திரவம் ஒரு சொட்டு. காந்தம் அதை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்ளும். திரவத்தாலான ஒரு வாஷர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இடைவெளி முழுக்க அடைபடும். திடப்பொருள் எதுவும் ஷாஃப்ட்டை உரசாது. தேய ஒன்றும் இல்லை. சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளில், வெற்றிட அறைக்குள் சுழலும் ஷாஃப்ட்டை அனுப்பவும் இதே வகைச் சீல் பயன்படுகிறது.

எண்ணெயே தனக்குக் காவல்

2000-க்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்குகளில் பால் பேரிங் மறையத் தொடங்கியது. 2001-ல் வந்த சீகேட் நிறுவனத்தின் பாரகுடா ஏடிஏ 4, எண்ணெய்ப் படல பேரிங்குடன் விற்பனைக்கு வந்தது. இதில் குண்டுகளே இல்லை. ஷாஃப்ட்டுக்கும் அதைச் சூழ்ந்த குழாய்க்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி, அதில் எண்ணெய், அவ்வளவுதான். மேற்பரப்பில் மீன் முள் போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது அந்த வரிகள் எண்ணெயை நடுப்பக்கம் தள்ளி அழுத்தம் உண்டாக்கும். உலோகம் உலோகத்தைத் தொடாமல் ஷாஃப்ட் எண்ணெயில் மிதக்கும். அதனால்தான் இப்போதைய ஹார்ட் டிஸ்க் சத்தம் குறைவாக ஓடுகிறது.

சரி, இந்த எண்ணெய் ஏன் வெளியே ஒழுகுவதில்லை? இங்கேதான் வடிவமைப்பின் அழகு. இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரு ஓரம் ஒட்டியும் மறு ஓரம் சற்று விரிந்தும் இருக்கும்படி பிடியுங்கள். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது குறுகிய பக்கம் நோக்கி ஓடும். பேரிங்கின் வாயும் இப்படித்தான்: உள்ளே குறுகலாக, வெளியே போகப் போக விரிவாக. எண்ணெய் எப்போதும் குறுகிய பக்கம், அதாவது உள்ளே இழுக்கப்படும். இதற்குக் கேப்பிலரி சீல் என்று பெயர்.

இடைவெளி முழுக்கக் குறுகலாகவே இருக்கக்கூடாதா? குறுகலாக இருந்தால் எண்ணெயை உறுதியாகப் பிடிக்கும். டிரைவ் மேஜையில் இடிபட்டாலும் சிதறாது. ஆனால் சூட்டில் எண்ணெய் விரியும்போது இடம் இருக்காது. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும் எண்ணெயை ஈடுகட்ட இருப்பும் இருக்காது. அகலமாக இருந்தால் இருப்பு உண்டு, பிடிப்பு இல்லை. சரிவான வாய் இரண்டையும் தருகிறது. வாய்க்கு வெளியே, எண்ணெய் ஒட்டாத பூச்சு ஒன்றும் பூசுவார்கள். எண்ணெய் ஊர்ந்து வெளியேறாமலிருக்க.

2013-ல் ஹெச்ஜிஎஸ்டி நிறுவனம் ஹீலியம் நிரப்பிய ஹார்ட் டிஸ்க்கை அறிமுகப்படுத்தியது. ஹீலியம் மிகச் சிறு இடுக்கிலும் நழுவிவிடும் வாயு. ஷாஃப்ட் பெட்டியைத் துளைத்திருந்தால் அதை அடைத்திருக்க முடியாது. ஆனால் மோட்டார் முழுவதும் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டதால் மூடியை வெல்ட் செய்தே அடைத்துவிட்டார்கள். துளையே இல்லாதபோது சீலும் தேவையில்லை!

எதிரி எங்கே?

இத்தனை சீல்களுக்கும் பொது எதிரி சூடு. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும், சீக்கிரம் ஆவியாகும். இப்போது ஒரு சங்கிலியைப் பாருங்கள். கேபினட் ஃபேனின் சீல் கெடுகிறது. எண்ணெய் காய்ந்து ஃபேன் மெதுவாகிறது. கேபினட்டுக்குள் சூடு ஏறுகிறது. ஹார்ட் டிஸ்க்கின் எண்ணெய்க்கு ஆயுள் குறைகிறது. சில நூறு ரூபாய் ஃபேனை மாற்றாமல் விட்டதற்கு விலையாகக் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களைக் கொடுக்க நேரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. காலையில் ஆன் செய்ததும் ஃபேன் 'கர்ர்' என்று சத்தமிட்டு, சில நிமிடத்தில் அடங்குகிறதா? எண்ணெய் குறைந்துவிட்டதற்கு அது முதல் அறிகுறி. அதே அளவு ஃபேனை வாங்கி மாற்றுங்கள். 80, 92, 120, 140 மி.மீ. அளவுகளில் கிடைக்கும், பின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குங்கள்.

2. புது ஃபேன் வரும்வரை சமாளிக்க வேண்டுமா? கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஃபேனை வெளியே எடுங்கள். ஸ்டிக்கரை மெல்ல உரித்து, ரப்பர் மூடி இருந்தால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் ஆயில் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். சுற்றிலும் துடைத்து ஸ்டிக்கரை நன்றாக ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாளானால் பிசினாகும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். துளையே இல்லாத ஃபேனைத் துளைக்காதீர்கள்.

3. பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

4. ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும்.

5. ஹார்ட் டிஸ்க்குக்கு எண்ணெய் விடுவது, திறப்பது, லேபிளைக் கிழிப்பது எதையும் செய்யாதீர்கள். 'இந்தத் துளையை மூடாதீர்கள்' என்று எழுதியிருந்தால் அது ஃபில்டர் வைத்த காற்றுத் துளை, அப்படியே விடுங்கள்.

6. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் வெப்பநிலையையும் 'ஸ்பின் ரீட்ரை கவுன்ட்' என்ற வரியையும் பாருங்கள். வெப்பம் அடிக்கடி 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். ரீட்ரை கவுன்ட் ஏறிக்கொண்டே போனால் மோட்டார் சுழலத் திணறுகிறது என்று அர்த்தம். அன்றே பைல்களைக் காப்பி எடுங்கள்.

7. எக்ஸ்டர்னல் டிரைவ் சுழலாமல் 'பீப்' என்று முனகினால் முதலில் வேறு யூஎஸ்பி போர்ட்டும் வேறு கேபிளும் போட்டுப் பாருங்கள். அப்போதும் முனகினால் நிறுத்திவிடுங்கள். ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் மீட்கக்கூடிய பைல்களும் போய்விடும்.

ஃபேன் கெட்டால் மாற்றிவிடலாம். ஹார்ட் டிஸ்க்கின் பேரிங் கெட்டால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. அதைக் காக்கும் சீல் ஒரு சொட்டு எண்ணெயையும் ஒரு சரிவான இடைவெளியையும் நம்பியிருக்கிறது. அதுவும் என்றாவது ஒருநாள் தீரும். எனவே முக்கியமான பைல்களுக்கு இரண்டாவது காப்பி வேறொரு டிரைவில் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேபினட்டின் அருகில் காதை வைத்து ஒரு நிமிடம் கேளுங்கள்.